கேள்வி பதினாலு

"பிறழ்நடத்தை" என்று அச்சாகி வந்திருந்தது படிவம்.
சவரியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"பிறர் நடத்தையா? அடுத்தவனைப் பத்தி
நான் ஏன் மேடம் சொல்லணும்?"

அன்றிலிருந்து அந்தச் சொல்லின் மேல்
வெள்ளைத் தாள் ஒட்டி, பேனாவால் எழுதுகிறேன்.
முதல் வாரம்: வழக்கத்துக்கு மாறான.
"எந்த ஊர் வழக்கம்?" என்றார்கள்.
அதன் மேல் இன்னொரு தாள்.
இப்போது அந்த இடம் கட்டிபோல் புடைத்திருக்கிறது.

ஐந்தாம் மாடி. பதினோரு கட்டில். ஒரு ஏசி.
ஏசித் தண்ணீர் சொட்டும் பெயின்ட் வாளி நிரம்பினால்
யாராவது எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள்,
பேட்டி நிற்பதில்லை.

ஆய்வு டாக்டர் ரீஹாமுடையது,
மன்சூராவிலிருந்து வந்தவள்.
நான் அவளுடைய தமிழ் வாய், அவ்வளவுதான்.
கட்டடம் எந்த ஏரியாவில் என்று கேட்டதும் சிரித்தாள்.
ஏன் என்று சொல்லவில்லை.

பதில்களை நான் தமிழில் எழுதி அனுப்ப,
சால்மியாவில் முகம் தெரியாத ஒருவர்
ஆங்கிலமாக்கி அனுப்புவார்.
"மனசு சரியில்லை" என்று போன பதினெட்டுப் பேர்
பதினெட்டுப் பைத்தியங்களாகத் திரும்பி வந்தார்கள்.
போனில் கத்தினேன்.
அண்ணே, மனநிலை சரியில்லை என்றால்தான் அது.
மனசு சரியில்லை என்றால்
மகளுக்குக் காய்ச்சல்,
சீட்டுப் பிடிப்பவர் போனை எடுக்கவில்லை,
அல்லது வெறுமனே வெள்ளிக்கிழமை.
நடுவில் ஒரே ஒரு நிலை.
குனியாமல் போனால் மண்டை இடிக்கும்.

வேலை பார்க்க முடிகிறதா என்பது
ரீஹாமின் இன்னொரு அளவுகோல்.
நாற்பத்தெட்டு டிகிரியில் சாரம் ஏறுகிறார்கள்,
ஒரு நாள் லீவு இல்லை.
அந்தக் கணக்கில் எல்லோரும் நலம்.

மற்றவர்களுக்குக் கேட்காத குரல்
உங்களுக்குக் கேட்கிறதா?

"கேக்குது" என்றார் சீனிமைதீன்.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஹெட்போனில் ஒன்றை என் காதுக்கு நீட்டினார்.
நாலு வினாடி.
சாப்ட்டீங்களா, சரி, வச்சிர்றேன்.
எத்தனை தடவை கேட்பீர்கள் என்றேன்.
"எண்ணுனதில்ல."
மெசேஜின் தேதி போன வருஷம் ஏப்ரல்.
ஆம், இல்லை,
கட்டம் இரண்டுதான் இருந்தது.
பேனாவை மூடி திறந்து மூடி
அடுத்த கேள்விக்குப் போனேன்.

தூக்கத்தை வரைந்து பார்த்தோம்.
மூன்று மணி நேரத்தில் எல்லோரும் குமிந்து கிடக்க
வலது ஓரத்தில் ஒற்றைப் புள்ளி.
பெத்தபெருமாள். எட்டு மணி நேரம், தினமும்.
ரீஹாம் அதன் மேல் பென்சிலை வைத்தாள்.
"இது பொருந்தவில்லை. நீக்கலாம்."
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நீக்குமுன் போய்ப் பார்த்தேன்.
வாளியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.
"இருந்த அஞ்சு செண்டும் போன மாசம் போச்சு மேடம்.
விக்க ஒண்ணுமில்ல.
வட்டிக்காரன் போன் பண்றதையும் நிறுத்திட்டான்.
படுத்தா தூக்கம் வந்துருது.
தப்பா?"

அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை.

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
என்னையே பேட்டி எடுத்துப் பார்க்கிறேன்.
கடந்த இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுதீர்களா?
காரணமின்றி, இல்லை.
பசி?
பாதி.
பதினாலு?
பக்கத்து சீட்டில் யாரோ
ஒரே வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்ப.
என் காதிலும் விழுகிறது, அதனால்
இருவரும் தப்பித்தோம்.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக் கூவுகிறார்:
மஹ்பூலா! மஹ்பூலா!
அரபியில் அது பைத்தியக்காரி என்று
ரீஹாம் மார்ச்சில்தான் சொன்னாள்.
முப்பது பேர் எழுந்தோம்.
கதவில் இடிக்காமல் தலையைக் குனிந்து
ஒவ்வொருவராக இறங்கினோம்.